இழுக்கிற வண்டி நிற்கவும் வேண்டும்

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள், ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிக்கிறார்கள், "இழுவை எப்படி?" என்று விற்கிறவரிடமே கேட்கிறார்கள். நாம் மட்டும் ஏறிப்போகிற வண்டிக்கு இது சரி. பின்னால் ஒரு பாரத்தைக் கட்டி இழுக்கப்போகிற வண்டியை இப்படிப் பார்ப்பது ஆபத்து. அந்த வேலைக்கு டீசல் ஃபோர் வீல் வண்டி வாங்குகிறவர் எஞ்சினைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

என் தங்கை வீட்டுக்காரர் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஷெட் வேலை, கம்மாபுரத்திலும் ஊ.மங்கலத்திலும் வீட்டு வேலை என்று ஓடிக்கொண்டிருப்பார். மிக்சர் மெஷின் ஒன்று, ஜெனரேட்டர் ஒன்று, இரண்டுக்கும் சக்கரம் உண்டு. தெரிந்தவர் டிராக்டரிலோ லோடு வண்டியிலோ கட்டித்தான் இதுவரை இழுத்துப் போனார். போன வாரம் வந்து உட்கார்ந்தார். "மச்சான், பழைய ஜீப் ஒண்ணு எடுத்துடலாம்னு பாக்குறேன். டீசலு, ஃபோர் வீலு. மழக்காலத்துல மெஷினு கொல்லைக்குள்ள எறங்கிடுச்சுன்னா டிராக்டருக்கு ஊர் ஊரா அலைய வேண்டியிருக்கு."

அவர் கணக்கு தப்பில்லை. எங்கள் பக்கத்து மண் அப்படி. நெய்வேலிப் பக்கம் போனால் செம்மண் மேடும் முந்திரிக்கொல்லையும். சேத்தியாத்தோப்புப் பக்கம் இறங்க இறங்கக் களி. ஐப்பசி, கார்த்திகையில் களிமண் நிலத்தில் இறங்கிய சக்கரம் சுற்றும், நகராது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள், ஒரு மரத்தைப் பாதையை விட்டு இழுத்துப் போட என்ன பாடு பட வேண்டியிருந்தது என்பதை மறந்திருக்க மாட்டார்கள். நான்கு சக்கரமும் சேர்ந்து மண்ணைப் பிடிக்கிற வண்டிக்கு இங்கே வேலை இருக்கிறது.

டீசல் ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரத்தை அசைப்பது குதிரைசக்தி இல்லை, டார்க் என்கிற முறுக்கு விசை. அது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைக்க வேண்டும். மாருதி ஜிப்ஸி நல்ல ஃபோர் வீல் வண்டிதான். ஆனால் அதன் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தருவது 103 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 4,500 சுற்றில். 2010-ல் வந்த மஹிந்திரா தாரின் 2.5 லிட்டர் சி.ஆர்.டி.இ. டீசல் 2,000 சுற்றுக்குள்ளேயே 247 தந்துவிடுகிறது. இதோடு லோ கியர் சேர்ந்தால் சக்கரத்துக்குப் போகிற விசை ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். களியில் சிக்கியதை வெடுக்கென்று இழுக்காமல் அங்குலம் அங்குலமாக வெளியே கொண்டுவர அந்த லோ கியர்தான் வேண்டும். தார்ச் சாலையில் இழுக்கப் பின் சக்கரங்களே போதும். இந்த மாதிரி வண்டிகளில் தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டு வளைத்தால் முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத்தான் கேடு.

ஜீப் என்றால் எங்கள் ஊரில் யூனியன் ஆபீஸ் ஜீப். கம்மாபுரம் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம் என்பதால் பி.டி.ஓ. ஜீப்பைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. அந்த வண்டிகள் வயதானதும் கழிவு செய்யப்பட்டு ஏலத்துக்கு வரும். பட்டறைக்காரர்கள் எடுத்துப் பின்னால் கிரேன் பொருத்தி, விபத்து வண்டிகளைத் தூக்குகிற ரெக்கவரி வண்டியாக்குவார்கள். அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. 15 வயது தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உடைப்புக்குத்தான் போக வேண்டும். ஆகவே "கவர்ன்மென்ட் ஜீப், ஏலத்துல எடுத்தது" என்று யாராவது காட்டினால் எந்த ஆண்டு ஏலம், பிறகு யார் பெயரில் பதிவானது என்று கேளுங்கள்.

மிச்சமிருக்கிற சந்தை மூன்று நான்கு வகை. போடி, கொடைக்கானல் பக்கம் எஸ்டேட்டில் ஓடிய பழைய மஹிந்திராக்கள். பிஜோ வழி வந்த டீசல் எஞ்சின் கொண்ட எம்.எம். 540, 550 மாதிரி வண்டிகள். அடுத்து பொலிரோ கேம்பர் ஃபோர் வீல். அடுத்து முதல் தலைமுறைத் தார். கொஞ்சம் பணம் கூடுதலாக இருந்தால் இசுசு வி-கிராஸ். 2016-ல் வந்தது, 320 நியூட்டன் மீட்டர். இவை போக வடக்கிலிருந்து வருகிறவை. டெல்லி வட்டாரத்தில் பத்து வயது தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட, உச்ச நீதிமன்றமும் 2018-ல் அதை உறுதிசெய்தது. அதனால் அங்கே கழித்த வண்டி இங்கே மலிவாக வருகிறது. தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, ஆயுள் வரி எல்லாம் கூட்டினால் அந்த மலிவு எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பேப்பரில் எழுதிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம். ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற இடங்களில் பாகங்களைச் சேர்த்து ஜீப் கட்டித் தருவார்கள், கண்ணைப் பறிக்கும். சேசிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துப்போகாத வண்டியை நான் இனாமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு முதலில் பிடித்தது மலையிலிருந்து இறங்கிய ஒரு ஜீப். புதுப் பெயின்ட், முரட்டு டயர். நானும் கூடப் போனேன். கீழே ஒரு சாக்கை விரித்துப் படுத்தேன்.

இழுவை வண்டியின் கதை முழுவதும் கீழேதான் எழுதியிருக்கிறது. கொக்கி மாட்டுகிற பின் குறுக்குச் சட்டத்தில் வெல்டிங் ஓட்டியிருந்தது. அந்த வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே முடி போல ஒரு விரிசல். இழுக்கும்போது பாரம் முழுவதும் வந்து விழுவது அங்கேதான். சேசிஸ் ஒருமுறை விரிந்தால் வெல்டு பிடித்த இடம் நிற்கும், அதன் ஓரம் மறுபடி விரியும். பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை கூடுதலாக ஏற்றியிருந்தார்கள். அளவுக்கு மேல் பாரம் சுமந்த வண்டி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதைவிடப் பெரிய விஷயம், முன் ஷாஃப்டே இல்லை. டீசல் மிச்சம் பிடிக்க யாரோ கழற்றி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஃபோர் வீல் லிவர் இருக்கிறது, போட்டால் விழுகிறது, முன் சக்கரத்துக்கு எதுவும் போகாது. விற்க வந்தவருக்கே அது தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று பார்க்க மணல் தரையில் லிவரைப் போட்டு, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள். முன் சக்கரங்கள் மண்ணைக் கீறிக்கொண்டு திமிறினால் வேலை செய்கிறது. நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். இரண்டு புதுசு, இரண்டு தேய்ந்தது என்றிருந்தால் உள்ளே பல்சக்கரங்கள் சண்டை போட்டிருக்கும்.

கிளட்சைப் பார்ப்பது எளிது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் ஆஃப் ஆக வேண்டும். ஆஃப் ஆகாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. பாரம் கட்டிய முதல் வாரத்தில் புகையும். டிஃபரன்ஷியல் ஹவுசிங்கின் ஆயிலைக் கொஞ்சம் எடுத்து விரலில் தேயுங்கள். பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 வெள்ளமும் கடந்த ஆண்டுகளின் புயல்களும் நம் மாவட்டத்திலும் சென்னையிலும் மூழ்கடித்த வண்டிகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கும். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பார்த்தால் அடி நுனியில் சேற்றுக் கறை சொல்லிவிடும்.

எஞ்சினுக்கு ஒரு வேலைதான். முதல் நாளே விற்கிறவரிடம் சொல்லி, விடியற்காலையில் போய், அன்றைய முதல் ஸ்டார்ட்டை நாமே போட வேண்டும். முன்கூட்டிச் சூடாக்கி வைத்த எஞ்சின் எதையும் காட்டாது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. நீலப்புகை வந்தாலும் விட்டுவிடலாம். கறுப்புப் புகையாக இருந்தால் பம்ப், நாசில் வேலை. பழைய மெக்கானிக்கல் பம்ப் என்றால் பக்கத்து டவுனிலேயே ஆள் இருக்கிறார். எஞ்சினைக் கடைசியில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். எஞ்சினைப் பிரித்துக் கட்டலாம், விரிந்த சேசிஸைக் கட்ட முடியாது.

இப்போது பிரேக். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஒன்றரை டன் ஜீப். பின்னால் முக்கால் டன் ஜெனரேட்டர், அதற்குப் பிரேக் கிடையாது. பிரேக்கை அழுத்தினால் ஜீப்பின் பிரேக் ஒன்றே இரண்டேகால் டன்னையும் நிறுத்த வேண்டும். தனியாகப் போனால் 10 மீட்டரில் நிற்கிற வண்டி இப்போது 15 மீட்டருக்குப் போகும். வேகத்தை 40-லிருந்து 60-க்கு ஏற்றினால் அந்த 15 மீட்டர் 33-ஐத் தாண்டும். பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தண்ணீரில் இறங்கி ஏறிய உடனே பாதிதான் பிடிக்கும். வளைவில் பிரேக் அடித்தால் பின்பாரம் ஜீப்பின் வாலைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். இரட்டைச் சக்கர ஜெனரேட்டர் வண்டியில் எடை பின்பக்கம் சாய்ந்திருந்தால் பிரேக்கே அடிக்காமலும் அது ஆட ஆரம்பிக்கும். பின்பாரத்தின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் அழுத்த வேண்டும் என்பது இழுவைக்காரர்கள் பலரின் கணக்கு.

ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் எடையுள்ள டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் கட்டாயம். பிரிட்டனில் விவசாயிகள் நம்பி ஓட்டிய லேண்ட் ரோவர் டிஃபென்டர் 3,500 கிலோ இழுக்கலாம் என்று அனுமதி பெற்றது. டிரெய்லருக்குப் பிரேக் இல்லையென்றால் அதே டிஃபென்டர், அதே டீசல் எஞ்சின், 750 கிலோதான் இழுக்கலாம். நம் நாட்டில் பெரும்பாலான கார், ஜீப் கையேடுகளில் எவ்வளவு இழுக்கலாம் என்ற எண்ணே இருப்பதில்லை. கம்பெனிகள் அதை அச்சிட வேண்டும் என்று போக்குவரத்துத் துறை கேட்க வேண்டும். அதுவரை நாமாக ஒரு எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். என் எல்லை: பிரேக் இல்லாத பாரம் வண்டி எடையில் பாதிக்கு மேல் கூடாது, வேகம் 30-க்கு மேல் கூடாது. பழுதான வண்டியைக் கட்டி இழுக்கிறவர்களுக்கு 1989-ம் ஆண்டுச் சாலை விதி 24 கிலோமீட்டர் வேகத்தையும் 5 மீட்டர் கயிற்றையும்தான் அனுமதித்தது. அந்த விதியை எழுதியவர்களுக்கு இழுவை தெரிந்திருக்கிறது.

இன்னொன்று என்னைத் தூங்கவிடாதது. விருத்தாசலம் சாலையில் இருட்டிய பிறகு வாருங்கள். மிக்சர் மெஷின், கம்ப்ரசர், கரும்பு டிப்பர், எதற்கும் பின்னால் விளக்கு இருக்காது. இழுக்கிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பின்னால் தொங்குகிற மெஷினே மறைத்துவிடும். வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்புகிற பிள்ளைகள் அதில்தான் போய் மோதுகிறார்கள். ஒரு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும், ஜீப்பிலிருந்து ஒயர் இழுத்த ஒரு விளக்குப் பலகையும் என்ன விலை? வண்டி விலையோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 29, 30 படிவங்களில் பெயர் மாற்றம். ஃபைனான்ஸ் இருந்தால் 35-ம் படிவம். வெளி மாநில வண்டி என்றால் 28-ம் படிவத்தில் தடையில்லாச் சான்று. 15 வயது தாண்டினால் ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். டிரெய்லர் என்றால் அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பதிவில்லாத டிரெய்லரைக் கட்டிக்கொண்டு விபத்தில் மாட்டினால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். வாடகை வேலைக்கு வெள்ளைப் போர்டு வண்டி சரிப்படாது. மாப்பிள்ளை போன்றவர்களுக்குக் கேம்பர்தான் பொருத்தம் என்று நான் சொல்வது இதனால்தான். அது சரக்கு வண்டியாகவே பதிவானது, சிமென்ட் மூட்டையும் ஆட்களும் அதிலேயே போகலாம்.

அந்த மலை ஜீப்பை விட்டுவிட்டோம். நெய்வேலிப் பக்கம் ஒரு கேம்பர் ஃபோர் வீல் சொல்லியிருக்கிறார்கள், இந்த ஞாயிறு விடியற்காலையில் பார்க்கப் போகிறோம். எஞ்சினைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லியாகிவிட்டது. சுரங்க வேலையில் ஓடியதாம், ஆகவே ஹவுசிங் ஆயிலையும் சேசிஸையும் பார்க்காமல் பேச்சுக்கே இடமில்லை. வண்டிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ஜெனரேட்டருக்குத் தள்ளு பிரேக் வைக்கச் சொன்னேன். முன் வண்டி வேகம் குறைந்ததும் பின்பாரம் முன்னே தள்ளும். அந்தத் தள்ளலிலேயே இழுவைத் தண்டு உள்ளே போய்ப் பாரத்தின் சொந்தப் பிரேக்கைப் பிடிக்கும். ஒயரும் வேண்டாம், காற்றும் வேண்டாம். "அதுக்கு ஆவுற காசுல நல்ல டயரு போட்டுடலாமே மச்சான்" என்றார். டயர் அடுத்த மாதம் போடலாம் மாப்ள என்றேன். விருத்தாசலத்திலிருந்து பட்டறைக்காரர் நேற்று வந்து ஆக்சிலை அளந்துகொண்டு போயிருக்கிறார். விளக்குப் பலகைக்கும் சேர்த்து விலை சொல்லச் சொல்லியிருக்கிறோம்.