காய் விற்ற காசும் கணக்கில் வராத கூலியும்

“படித்து முடித்து வேலை கிடைக்காவிட்டால் என்ன? ஊரில் நிலம் இருக்கிறதே, காய்கறி போட்டுப் பிழைத்துக்கொள்” என்று மாணவனுக்கு அறிவுரை கூறாதவர் இல்லை. அப்படிக் கூறுபவர்களில் பலர் கத்தரிச் செடிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றியறியாதவர்கள். உழவைப் பற்றிய பத்துக் குறளையும் நாம் படித்திருக்கிறோம். ஆயினும் உழவின் பெருமை வேறு, உழவின் கணக்கு வேறு. பொருளியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அந்தக் கணக்கைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறேன்.

ஒட்டன்சத்திரத்திற்கு அருகே எங்களுக்கு 30 சென்ட் கிணற்றுப் பாசன நிலம் உண்டு. சோளம் விதைத்து வந்த அந்நிலத்தில் சென்ற ஆண்டு முதன்முதலாகக் கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை ஆகியவற்றைப் பயிரிட்டோம்.

சோளம் ஓரளவு பொறுத்திருக்கும், காய்கறி பொறுக்காது. வெண்டை இலையின் நரம்பு மஞ்சளித்தால் அது தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் அந்நோய் கண்ட செடிக்கு மருந்து இல்லை. பிடுங்கி அழிக்க வேண்டியதுதான். கத்தரியின் குருத்து வாடித் தலை சாய்ந்தால் உள்ளே புழு புகுந்திருக்கும். உடனே கிள்ளி எடுத்தாக வேண்டும். பழுக்கத் தொடங்கும் தக்காளியை மயில் வந்து கொத்தும். தேசியப் பறவையாயிற்றே, கை தட்டி விரட்டுவதைத் தவிர வேறென்ன செய்ய இயலும்?

இத்தனைக்கும் தப்பி வரும் காய்க்கு விலை வேண்டுமே! 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிற்று. சென்னையில் நியாய விலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்றது. சில மாதங்களுக்குள் அதே தக்காளியின் விலை சரிந்து விழுந்தது. விலை ஏறியதைக் கண்டு எல்லோரும் நட்டால், எல்லோர் தோட்டமும் ஒரே நேரத்தில் காய்க்கும் அன்றோ?

ஆனால் பலன் இல்லாமலும் இல்லை. கீரை 25 நாளில் காசாகிறது. வெண்டை ஏறக்குறைய 45 நாளில் காய்க்கத் தொடங்குகிறது. பெரிய பணம் அன்று; எனினும் வாரந்தோறும் கைக்கு வரும் பணம். மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பயிர் படுத்தாலும் மற்றொன்று தாங்குகிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தால், எங்களைப் போன்றவர்கள் தரகும் கடை வாடகையும் இன்றி நேரே விற்க முடிகிறது.

வரவையும் செலவையும் நான் நோட்டில் எழுதி வந்தேன். விதை, எரு, உழவுக் கூலி, பஸ் கட்டணம் போக மிஞ்சியதை “லாபம்” என்றார் அப்பா. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றி நார் ஓடிவிடும். விடியுமுன் கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, சுணை அரிக்க அரிக்கப் பறிப்பவர் அம்மா. அந்த உழைப்புக்கு என் நோட்டில் ஒரு பத்தி இல்லை!

வகுப்பில் “வாய்ப்புச் செலவு” என்று படிக்கிறோம். அந்த நேரத்தில் அடுத்த காட்டுக்கு வேலைக்குப் போயிருந்தால் அம்மாவுக்குக் கிடைத்திருக்கும் கூலியை எழுதிப் பார்த்தேன். வெண்டையில் லாபம் மறைந்தது. கத்தரியும் கீரையும் மட்டும் தாங்கின. “எனக்கு எதுக்குடா கூலி? நான் என்ன ஆளா?” என்று அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. “அடுத்த பட்டத்துக்கு வெண்டையை அஞ்சு சென்ட்டாக் குறைச்சிருவோம்” என்றார்.

எனவே நான் சொல்ல வருவது இதுதான்: காய்கறித் தோட்டம் வேண்டும், சிறிய அளவில், பல பயிராக வேண்டும். ஆனால் வீட்டாரின் கூலியையும் எழுதிய பிறகே அதை லாபம் என்று சொல்ல வேண்டும். நம் வகுப்பறைகளில் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கணக்கை ஓராண்டு எழுதி வர நம் பேராசிரியர்கள் ஆவன செய்வார்களாயின், பாடமும் பயன்படும். நம் தாய்மார் எத்தனை நாள் கூலியின்றி உழைத்தார்கள் என்பதும் தெரியவரும்.