மஞ்சள் கடுதாசியும் பிள்ளையின் பால் காசும்

"அவன் மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டானாம்" என்று ஊரில் யாராவது சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சீட்டுப் பணம், கைமாத்து, வட்டிக் கடன் எல்லாவற்றுக்கும் ஒரே முழுக்கு! சரி, அதே மனிதர் பிரிந்துபோன மனைவியிடம் வளரும் பிள்ளைக்கு நீதிமன்றம் உத்தரவிட்ட மாதத் தொகையை இரண்டு வருடமாகக் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாக்கியும் இந்த முழுக்கில் போய்விடுமா?

போகாது. கொடுக்க வேண்டியவர் பலரும் போய்விடும் என்று நம்புகிறார்கள். அதைவிட மோசம், வாங்க வேண்டிய தாயும் அப்படியே நம்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவது.

1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம் இதை அப்போதே சொல்லிவிட்டது. அதன் 44-வது பிரிவின்படி, திவாலானவருக்கு விடுதலை உத்தரவு கிடைத்தாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் வந்த ஜீவனாம்ச உத்தரவிலிருந்து விடுதலை கிடையாது. அன்று அது 488-வது பிரிவு. 1973 சட்டத்தில் 125 ஆனது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144. எண்தான் மாறியது, கடமை மாறவில்லை. பி.காம். பாடத்தில் வரும் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டமும் ஜீவனாம்சத்தை 'விலக்கப்பட்ட கடன்' பட்டியலில் வைத்திருக்கிறது. (கல்விக் கடனும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. கடன் வாங்கிப் படிக்கும் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்!) ஆனால் அந்தச் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. மற்றவர்களுக்கு இன்னமும் பழைய சட்டம்தான்.

ஏன் இந்தச் சலுகை? வணிகவியல் கண்ணோடு பார்த்தால் எளிது. வங்கி கடன் கொடுக்கும் முன் சம்பளச் சீட்டு கேட்கிறது, அடமானம் கேட்கிறது, பணம் திரும்பாமல் போகும் ஆபத்தையும் சேர்த்தே வட்டி போடுகிறது. நஷ்டம் வந்தால் அது அதன் தொழில் நஷ்டம். பிள்ளை எதைப் பார்த்து அப்பாவுக்குக் கடன் கொடுத்தது? எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது? அதைக் கடன்காரர்கள் வரிசையில் நிறுத்துவதே தவறு.

"கையில் ஒன்றுமே இல்லாதவன் எங்கே போவான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வருமானம் உண்மையிலேயே விழுந்துவிட்டால் மாதத் தொகையைக் குறைக்கச் சொல்லி அதே நீதிமன்றத்தில் மனு போட வழி இருக்கிறது. அதைச் செய்யாமல் சும்மா இருந்துவிட்டு, பாக்கி மலையான பிறகு திவால் என்று கைவிரிப்பதுதான் ஏமாற்று. இன்னொன்றும் உண்டு. மற்ற கடன்கள் கழிந்தால் மாதாமாதம் வட்டிக்குப் போன பணம் மிச்சமாகும். அந்த வகையில் மஞ்சள் கடுதாசி பிள்ளைக்குக் கெடுதல் இல்லை, நல்லதே!

ஜெயிலுக்குப் போய்வந்தால் கணக்கு தீர்ந்தது என்ற நினைப்பும் உண்டு. பாக்கி வைக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்பது உண்மை. ஆனால் சிறை என்பது பணத்தை வரவழைக்கும் வழி மட்டுமே, பணத்துக்கு ஈடு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது.

இத்தனை இருந்தும் ஓட்டை எங்கே? வரிசையில். பாக்கி அழியாது என்பது ஒன்று, முதலில் கிடைக்கும் என்பது வேறு. அமெரிக்காவில் 2005-ல் திருத்திய திவால் சட்டம், அடமானம் இல்லாத கடன்களில் பிள்ளைப் பராமரிப்புப் பாக்கியை முதல் இடத்தில், வரிப் பாக்கிக்கும் முன்னால் வைத்தது. நம் 1920 சட்டத்தில் அரசுப் பாக்கிக்கும் வேலையாட்கள் சம்பளத்துக்கும் முன்னிடம் உண்டு, பிள்ளைக்கு இல்லை. 2016 சட்டத்தின் வரிசையிலும் தேடினால் கிடைக்காது. 2024 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சம் வாழும் உரிமையின் பகுதி, வங்கிகளின் உரிமைக்கும் அதுவே மேல் என்று ஒரு வழக்கில் சொன்னது. பாக்கியைக் கட்டாவிட்டால் கணவரின் அசையாச் சொத்தை ஏலம் விடலாம் என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டால் ஒவ்வொரு தாயும் டில்லி வரை போக வேண்டியதில்லை.

போகிற போக்கில் இன்னொன்றையும் திருத்தலாம். பாக்கிக்காக வாரண்ட் கேட்கும் மனுவைத் தொகை சேர்ந்த ஒரு வருடத்துக்குள் போட வேண்டும், தாண்டினால் அந்த வழி அடைபடும். 488 போய் 125 வந்து 144 ஆன பிறகும் இந்த ஒரு வருடக் கெடு அப்படியே இருக்கிறது. கைக்குழந்தையோடு வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு ஒரு வருடம் என்பது எத்தனை சீக்கிரம் போய்விடும்! திவால் அழிக்காத பாக்கியைக் காலண்டர் அழித்துக்கொண்டிருக்கிறது.