எந்த விநாடி?

கம்ப்யூட்டர் எவ்வளவு விலையானாலும் அதற்குள் ஓடும் கடிகாரம் மலிவுச் சரக்குதான். சின்ன குவார்ட்ஸ் படிகம். நாளுக்கு ஒன்றிரண்டு விநாடி முன்னே பின்னே போகும். இணையத்திலுள்ள நேர சர்வர்களைக் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. டேவிட் மில்ஸ் 1980களில் வடிவமைத்த என்டிபி என்ற ஏற்பாடு அது. வீட்டுக்கு அதுவே தாராளம். இருந்தும், நேரத்தை நேரே வானத்திலிருந்து இறக்கிப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். எனக்கும் வந்தது. மொட்டைமாடியில் ஆன்டெனா, கீழே அறையில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் அணுக் கடிகாரங்களோடு சுற்றுகின்றன. வழி காட்டுவதே நேரத்தை அளந்துதான் என்பதால், சாதாரண ரிசீவருக்கும் நேரம் அத்துப்படி. அதை அது இரண்டு விதமாகச் சொல்கிறது. ஒன்று, மணி, நிமிடம், விநாடி, தேதி எல்லாம் அடங்கிய எழுத்து வரி. அது வந்து சேர்வதற்குள் விநாடியில் ஒரு பகுதி கரைந்துவிடும். தாமதமும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு அளவு. இன்னொன்று, பிபிஎஸ் என்ற தனி பின். விநாடி பிறக்கும் கணத்தில் அதில் மின்னழுத்தம் சட்டென்று எழும். பிசகு சில பத்து நானோ விநாடிதான். ஆனால் அது எந்த விநாடி என்று சொல்லாது.

பழைய சுவர்க்கடிகாரம் அரை மணிக்கு ஒரு அடி அடிக்குமே, அந்தக் கதைதான். நள்ளிரவு தாண்டி ‘டங்’ என்று ஒன்று கேட்டால் பன்னிரண்டரையா, ஒன்றா, ஒன்றரையா? எழுத்து வரி விநாடிக்குப் பெயர் வைக்கிறது, பல்ஸ் அதன் விளிம்பைக் காட்டுகிறது; க்ரோனி என்ற மென்பொருள் இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. அதன்பின் பிழை மைக்ரோ விநாடிக் கணக்குக்கு இறங்கிவிடும்.

எனக்குப் பிடித்தது, கம்ப்யூட்டர் கடிகாரத்தின் பிசகை நாள் முழுக்கக் கோடாகக் காட்டும் வரைபடம். ஏசி போட்டால் கோடு வளைகிறது. அறை குளிர்ந்து படிகத்தின் வேகம் மாறியதற்கான தடயம். கம்ப்யூட்டர் கடிகாரம் ஒரு ரகசிய வெப்பமானி என்பேன்.

வானத்தையும் கண்மூடி நம்பக் கூடாது. ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரலில். சில பழைய ரிசீவர்கள் பத்தொன்பது ஆண்டுக்கு முந்தைய தேதியைக் காட்டின. அதற்காகவே இணைய சர்வர்கள் சிலவற்றையும் சாட்சிக்கு வைத்திருக்கிறேன். தேதி புரண்டால் அவை காட்டிக்கொடுத்துவிடும்.

2016 ஜனவரி 26 அன்று நடந்தது வேறு ரகம். பழைய செயற்கைக்கோள் ஒன்றுக்கு ஓய்வு கொடுத்த வேளையில், உலகப் பொது நேரத்துக்கு மாற்றும் கணக்கில் பிழை புகுந்து, 13.7 மைக்ரோ விநாடி தவறாக ஒலிபரப்பானது. இடம் காட்டுவதில் குறையில்லை; நேரத்துக்காக ஜிபிஎஸ்ஸை நம்பிய கருவிகள்தான் உலகெங்கும் அலறின. என் சாட்சிகள் பேசுவதோ மில்லி விநாடிக் கணக்கில். இது அவற்றின் கண்ணிலேயே பட்டிருக்காது.