பழுதான கைப்பிடியும் பழகாத கைகளும்

ஜன்னலுக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர்கள் பல. சாளரம் என்றனர், பலகணி என்றனர், காலதர் என்றும் அழைத்தனர். 'கால்' என்றால் காற்று. 'அதர்' என்றால் வழி. காற்று வரும் வழியே காலதர். சிலப்பதிகாரத்தில் இச்சொல் வருவதை வகுப்பில் படித்திருக்கிறோம். இன்று நாம் வழங்கும் 'ஜன்னல்' என்ற சொல்லோ போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. பெயர் எதுவாயினும் பயன் ஒன்றே. திறக்க வேண்டியபோது திறந்து, மூட வேண்டியபோது மூடினால்தான் அது ஜன்னல். திறக்க இயலாத ஜன்னல் சுவருக்குச் சமம்; மூட இயலாத ஜன்னல் சுவரில் விழுந்த ஓட்டைக்குச் சமம். இதைத் தீர்மானிப்பது கையளவே உள்ள ஒரு பிடி. அந்தப் பிடியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். 'எழுத வேறு பொருளா கிடைக்கவில்லை?' என்று நகைக்க வேண்டாம். நகைத்தவர்கள்தாம் நாங்களும்.

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடற்காற்று நேராக வந்து மோதும் தெருவில் இருக்கிறது. அக்காவும் தங்கையுமாக நாங்கள் இருவர். ஆச்சியின் அறை ஜன்னல் பழைய தேக்கு ஜன்னல். உட்புறம் இரும்புக் கம்பிகள். வெளிப்புறமாகத் திறக்கும் இரு கதவுகள். கம்பிகளுக்கிடையே கையை நீட்டி, பிடியைப் பற்றி இழுத்தால்தான் கதவை மூட முடியும். ஒருநாள் அந்தப் பிடி கையோடு வந்துவிட்டது. "ஆசாரி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றார் அப்பா. அதுவரைக்கும் என்று ஒரு நைலான் கயிற்றால் கதவைக் கம்பியோடு கட்டிவைத்தார். ஆசாரிக்கு ஒரு பிடிக்காக ஒருநாள் வேலையை விட்டு வருவது கட்டாது. வீட்டிலோ அதைவிட அவசரமான வேலைகள் ஆயிரம். கயிறு வெயிலில் நைந்துகொண்டே இருந்தது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாட்களை எங்கள் மாவட்டத்தார் எவரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் தெருவும் வெள்ளக்காடாயிற்று. அன்றிரவு மின்சாரமும் இல்லை. நள்ளிரவில் கயிறு அறுந்தது. கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டது. இழுத்து மூடப் பிடி இல்லை. நாங்கள் ஆளுக்கொரு பக்கமாகக் கம்பிகளுக்கிடையே கைவிட்டுத் துழாவியும் கதவு சிக்கவில்லை. ஆச்சியின் மெத்தை, போர்வை, தலைமாட்டில் இருந்த மருந்துகள் எல்லாம் நனைந்தன. எண்பது வயதை நெருங்கும் ஆச்சி இருட்டில் சுவரோரம் நடுங்கி நின்ற காட்சி இன்றும் எங்கள் கண்களை விட்டு அகலவில்லை. வெள்ளத்தை எங்களால் தடுத்திருக்க முடியாது. ஆனால் அந்த ஜன்னலை மூடியிருக்க முடியும் அன்றோ?

மழை ஓய்ந்ததும் அப்பா அந்தக் கதவுகளுக்கு ஆணி அடித்துவிட்டார். ஒரு தொல்லை நீங்கி மறு தொல்லை வந்தது. கோடையில் அறை அடுப்பாயிற்று. ஆச்சிக்கு மூச்சிரைப்பு உண்டு. அவர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வாசல் திண்ணைக்கே போய்விட்டார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் செவிலியர் பணி குறித்து ஒரு நூல் வெளியிட்டார். நோயாளி சுவாசிக்கும் காற்று வெளிக்காற்றைப் போலவே தூய்மையாக இருக்கவேண்டும், ஆனால் அவர் குளிரில் வாடவும் கூடாது என்பதையே அவர் முதல் கடமையாக வைத்தார். திறக்கவும் மூடவும் வல்ல ஜன்னல் இன்றி இது எப்படி இயலும்? 2020இல் கொரோனா பரவியபோதும் காற்றோட்டத்தின் அருமையை நாம் எல்லோரும் உணர்ந்தோமே!

'ஜன்னலையே பெயர்த்துவிட்டு அலுமினிய ஜன்னல் போட்டால் என்ன?' என்று உறவினர் ஒருவர் யோசனை கூறினார். தலைமுறைகளாக உழைத்த தேக்குச் சட்டம், அரையங்குலக் குறைக்காகக் குப்பைக்குப் போவதா? இந்தக் கேள்விதான் எங்களைத் தூண்டியது. கோடை விடுமுறையில் நாங்களே அதைச் சரிசெய்வதென்று முடிவு செய்தோம்.

முதலில், பிடி ஏன் கழன்றது என்று பார்த்தோம். குற்றம் பிடியின் மேல் மட்டும் இல்லை. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது, கதவு சட்டத்தில் இறுகுகிறது, நாம் பலங்கொண்டமட்டும் இழுக்கிறோம், திருகாணிகள் தளர்கின்றன. போதாதற்குப் பண்டிகைதோறும் பழைய பெயிண்டின் மேலேயே புது பெயிண்ட் பூசுகிறோம். அதனாலும் கதவின் விளிம்பு தடிக்கிறது. ஆகவே பிடியை மட்டும் மாற்றிப் பயனில்லை. விளிம்பில் திரண்டிருந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டை அதன் மேல் பூசவும் முடிவு செய்தோம்.

அடுத்து, புதுப் பிடி. பழைய பிடியைக் கொண்டுபோகாமல் கண்ணளவில் வாங்கி வந்தோம், துளைகள் பொருந்தவில்லை. மறுநாள் பழையதைக் கையோடு எடுத்துச் சென்று, இரு துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து வாங்கினோம். கடற்கரை ஊரில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் பித்தளையைத் தேர்ந்தோம். பித்தளைப் பிடிக்குப் பித்தளைத் திருகாணியே ஏற்றது. இரும்புத் திருகாணியைப் போட்டால், உப்பு ஈரத்தில் இரு உலோகங்களும் சேரும்போது இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். இது அறிவியல் பாடத்தில் நாம் படித்ததுதான்!

பழைய திருகாணி ஒன்று துருவேறி மரத்திலேயே நின்றுவிட்டது. அதன் தலைப்பள்ளத்தில் அடைத்திருந்த பெயிண்டைச் சுரண்டி, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவைத்தோம். காலையில் அது திருப்புளிக்கு இணங்கியது. துளைகள் அகன்று போயிருந்தன. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்களே, அதுபோல் மருந்து நீக்கிய தீக்குச்சிகள் உதவின. அவற்றை மரப்பசையில் தோய்த்துத் துளைகளில் இறுக்கமாகச் செருகி, ஒருநாள் உலரவிட்டு, மீந்ததை வெட்டிவிட்டோம். பித்தளை மென்மையானது, நேரே திருகினால் தலை முறியும். இதை ஒரு திருகாணியை முறித்தபின்தான் கற்றோம்! அதே அளவுள்ள இரும்புத் திருகாணியை முதலில் செலுத்தி வழி உண்டாக்கி, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளையை இட்டோம். கதவு மூடியே இருந்ததால், கம்பிகளுக்கிடையே திருப்புளியை நீட்டி அறைக்குள் நின்றே வேலையை முடித்தோம். எவரும் ஜன்னலுக்கு வெளியே எட்டிச் சாயவேண்டாம். மாடி ஜன்னலாயின் பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் நன்று.

கடைசியில் அப்பா வந்து ஆணிகளைப் பிடுங்கித் தந்தார். விளிம்பைத் தேய்த்து மெழுகு பூசினோம். ஆச்சி பிடியைப் பற்றித் தாமே ஒருமுறை மூடினார், ஒருமுறை திறந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அவர் படுக்கை திண்ணையிலிருந்து அறைக்குத் திரும்பியது. மொத்தச் செலவு இரண்டு ஐஸ்கிரீம்களின் விலைக்கு மேல் போகவில்லை.

இதிலிருந்து எங்கள் கருத்து இதுதான். பழுதானது பிடி மட்டும் அன்று. நம் கைகளும் பழகாதிருந்தன. "இது ஆண்பிள்ளைகள் வேலை" என்ற ஒரு சொல் எத்தனை வீடுகளில் ஜன்னல்களைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறது! பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் யார்? புகை நிறைந்த சமையலறையில் நிற்பவர் யார்? ஜன்னல் பழுதானால் முதலில் துன்புறுபவர் பெண்களும் முதியவர்களுமே. துன்பம் நமக்கு, திருப்புளி பிறருக்கு என்பது என்ன நியாயம்?

தச்சரின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்கிறோமா? இல்லவே இல்லை. தொங்கிய கதவு, செல்லரித்த சட்டம், கீல் மாற்றுதல் ஆகியவை தேர்ந்த கைகளுக்கு உரியவை. அவற்றுக்கு அவரையே அழைத்து உரிய கூலியை மகிழ்வோடு தருவோம். அவர் வர இயலாத சிறு வேலையை மட்டுமே நாம் செய்வோம்.

பெற்றோரே, வீட்டிலுள்ள திருப்புளியை மகன் கையில் தரும்போது மகள் கையிலும் தாருங்கள். ஒரு திருகாணியை அவள் முறித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மதிப்பிற்குரிய அருட்சகோதரியரே, தையலும் கூடை பின்னலும் கற்கும் வகுப்பில், பழுது பார்க்கவும் சிறிது நேரம் ஒதுக்க வேண்டுகிறோம். பள்ளியிலும் பயிற்சிக்குரிய ஜன்னல்கள் இல்லாமல் இல்லை!

அன்புத் தோழியரே, இம்மலரை மூடிவைத்ததும் உங்கள் வீட்டு ஜன்னல்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எங்கேனும் ஒரு கயிறு கட்டியிருக்கும். அடுத்த ஐப்பசி மழை வருமுன் அதை அவிழ்ப்போமாக!