சுகர் குறையவில்லை என்று திட்டுவதற்கு முன்

அன்புள்ள பாளையங்கோட்டைச் சொந்தங்களுக்கு,

லண்டனில் இருந்துகொண்டு ஊருக்குப் புத்தி சொல்கிறவர்கள் மேல் உங்களுக்கு எரிச்சல் உண்டு; நியாயம்தான். இருந்தாலும் ஒரு விஷயத்தில் உங்களோடு வாதாட வேண்டியிருக்கிறது. ஒருவருக்குச் சுகர் இறங்கவில்லை என்றால் 'வாயைக் கட்டவில்லை' என்று உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது. டாக்டர் கண்டிக்கிறார், பிள்ளைகள் அல்வாப் பொட்டலத்தை ஒளித்து வைக்கிறார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூடப் பாயசத்தைத் தடுக்கிறார். மாத்திரையை மறப்பதற்கும் நடைப்பயிற்சியை விட்டதற்கும் பின்னால் மனச்சோர்வு இருக்குமோ என்று யாரும் கேட்பதில்லை. திட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது என்கிறேன்.

இரண்டு நோய்க்கும் உறவு உண்டு என்பது பழைய சந்தேகம். நீண்ட துயரம் நீரிழிவைக் கொண்டுவரும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் எழுதினார். அவருடையது ஊகம், நம்மிடம் இன்று கணக்கே இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் வெளியான கட்டுரை, சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இருமடங்கு என்றது. எது முதலில் வருகிறது? ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளின் தொகுப்பு 2008இல் வந்தது. அதன்படி, மனச்சோர்வு உள்ளவருக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் சுமார் 60 சதவீதம் கூடுதல். நீரிழிவு உள்ளவருக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் அபாயம் 15 சதவீதம் கூடுதல். பாதை இரு பக்கமும் போகிறது, ஒரு பக்கம் அகலமாக. மனச்சோர்வில் தூக்கம் கெடுகிறது, கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பு மாறுகிறது, உடம்பை அசைக்கவே மனம் வருவதில்லை. இவை எல்லாமே சர்க்கரையை ஏற்றக்கூடியவை.

சர்க்கரையைக் குறைத்தால் மனசு தானாகச் சரியாகிவிடும் என்பீர்கள். ரத்தத்தில் ஏறிய சர்க்கரை மட்டுமே காரணம் என்றால், தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்களிடமும் அதே அளவு மனச்சோர்வு இருக்க வேண்டும். அப்படி இல்லை. 2008இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்விலும் 2011இன் தொகுப்பாய்விலும், நோய் இருப்பது தெரிந்து வாழ்கிறவர்களிடம்தான் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது. நோய் கண்டறியப்படாதவர்களிடம் அந்தக் கூடுதல் இல்லை. உடம்பு ரசாயனத்துக்குப் பங்கே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனால் தினமும் மாத்திரை, ஊசி, கண்ணும் காலும் போய்விடுமோ என்ற பயம், அதற்கு மேல் வீட்டாரின் காவல் என்ற சுமையைக் கணக்கில் எடுக்காமல் இருக்கவும் முடியாது. இந்தச் சுமையால் வரும் அலுப்பெல்லாம் மனச்சோர்வு என்றும் சொல்லமாட்டேன். நோயோடு வாழும் அலுப்பைத் தனியாக அளக்க வில்லியம் போலன்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 1995இலேயே ஒரு கேள்வித்தாள் தந்தார்கள். அலுப்புக்கு மருந்தைவிட ஏச்சு குறைவதே முதல் உதவி. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால் விஷயம் வேறு; சிகிச்சை வேண்டும்.

அதற்கு மனநல மருத்துவர் எங்கே கிடைக்கிறார் என்பதுதான் வலுவான மறுப்பு. நான் வாழும் நாடு இதில் ஒன்றும் பெரிய முன்மாதிரி இல்லை. நீரிழிவுக்காரர்களிடம் மனச்சோர்வு பற்றி இரண்டு கேள்வி கேட்க பிரிட்டனில் 2006இல் குடும்ப மருத்துவர்களுக்கு ஊக்கத்தொகை வைத்தார்கள்; 2013இல் அதைக் கைவிட்டார்கள். கேட்டுவிட்டுப் படிவத்தில் குறியிட்டால் யாருக்கும் குணமாவதில்லை. வழி நம் பக்கத்திலேயே கிடைத்தது. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் மருத்துவமனைகளில் 404 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. அதில் மருத்துவரல்லாத பணியாளர்கள் நோயாளிகளோடு விடாமல் தொடர்பில் இருந்தார்கள். சர்க்கரை மருத்துவரும் மனநல மருத்துவரும் அவர்கள் கொண்டுவந்த விவரங்களைச் சேர்ந்து பார்த்து யோசனை சொன்னார்கள். மனச்சோர்வு பாதியாகக் குறைவதோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு இவற்றில் ஒன்றாவது இறங்க வேண்டும் என்ற இலக்கை, இரண்டு ஆண்டில் இந்தக் கவனிப்பைப் பெற்றவர்களில் 71.6 சதவீதம் பேர் எட்டினார்கள். வழக்கமான சிகிச்சையில் 57.4 சதவீதம். அதிசயம் என்று கொட்டடிக்கும் வித்தியாசம் இல்லை, ஆனால் உள்ள டாக்டர்களை வைத்தே கிடைத்த வித்தியாசம்.

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை கொடுக்கிற அதே பெண்மணி மனசைப் பற்றியும் விசாரிக்கலாம். ஆனால் அதற்குப் பயிற்சியும் கூடுதல் ஊதியமும் தராமல் அவர் தலையில் கட்டுவது அநியாயம். விசாரித்த பிறகு அனுப்பிவைக்க ஓர் இடமும் இருக்க வேண்டும். பஞ்சாயத்திலும் சங்கக் கூட்டத்திலும் நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான். அதுவரை 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மனச்சோர்வு மாத்திரை போட்டால் அடிமையாகிவிடுவோம் என்று பயந்து தவிர்க்க வேண்டாம்; டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். அவற்றில் சில எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடியவை. அதனால் இரண்டு டாக்டர் சீட்டையும் ஒரே பையில் வைத்து, எங்கே போனாலும் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
லண்டனிலிருந்து உங்கள் ஊர்க்காரன்