கரியடுப்பு வெளியிலேயே இருக்கட்டும்

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலம் உறைந்தபோது 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போயிற்று. அரசு கணக்கிட்ட சாவுகள் 246. பெரும்பாலோர் குளிரில் விறைத்தவர்கள். ஆனால் என்னை உறுத்துவது, குளிருக்குத் தப்பப்போய் மாண்டவர்கள். பார்பிக்யூ அடுப்பை வீட்டுக்குள் மூட்டினார்கள். மூடிய கராஜில் காரை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், அப்புறம் மயக்கம். தூங்குகிறவருக்கு முதல் இரண்டும்கூடத் தெரியாது. நம் கொடைக்கானலில் அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்தியும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

பனிப்புயல் எச்சரிக்கை வந்தால் அமெரிக்கர்கள் ரொட்டிக்கும் பாலுக்கும் முண்டியடிப்பார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 4 லிட்டர் குடிநீர், டார்ச், கம்பளி, மருந்து எல்லாம் வேண்டியதுதான். என் பட்டியலில் முதலிடம் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகை சன்னல் பக்கம் வராதபடி வைக்க வேண்டும். மழை படுகிறதென்று போர்டிகோவுக்குள் இழுக்கக் கூடாது.

டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ பிள்ளைகள் இருக்கும் பெற்றோர்களே, அடுத்த வீடியோ காலில் சாப்பாட்டை விசாரித்த கையோடு, அந்த அலாரத்துக்குப் பேட்டரி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள்.