பாயிற் கிடப்போர்க்கும் ஒரு காப்புறுதி வேண்டும்

நோய்க்கு மருந்து கொடுப்பது வேறு. நோயின் பின் எழும்ப இயலாது கிடப்பவரைப் பேணுவது வேறு. இலங்கையில் முதலாவது கடமையை அரசாங்கம் எத்தனையோ குறைபாடுகளோடேனும் ஏற்று நடத்தி வருகின்றது. பாரிசவாதம் கண்ட ஒருவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றால் கட்டணமின்றி வைத்தியம் நடக்கின்றது. உயிராபத்து நீங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். அதன் பின்? அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது யார்? குளிப்பாட்டுவது யார்? இரவில் இரண்டு முறை எழுந்து துணி மாற்றுவது யார்? இக்கேள்விகளுக்கு நமது சட்டப் புத்தகம் தரும் விடை பெரும்பாலும் ஒன்றேதான்: பிள்ளைகள்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என்ற கடமையைப் பிள்ளைகள் மீது சுமத்துகின்றது. தம்மைத் தாம் பராமரிக்க இயலாத பெற்றோர் சபையொன்றின் முன் முறையிட்டுப் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணங் கோரலாம். நல்ல சட்டந்தான், நாம் அதைக் குறை கூறவில்லை. ஆயின் கட்டளையினாற் பணத்தைப் பெறலாம். கையைப் பெற முடியாது. மகன் ரொறன்ரோவில், மகள் பாரிஸில். மாதந்தோறும் பணம் வருகின்றது, தாயைத் தூக்கி இருத்த ஆளில்லை. வெளிநாட்டில் எவருமற்ற வீட்டிலோ பணமுமில்லை. அங்கே ஒரு மகள் தன் ஆசிரியத் தொழிலை விட்டுவிட்டு வீட்டோடு இருந்து விடுகின்றாள். அவள் இழந்த சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதி வைப்பதில்லை. (சீதனமாக வீட்டை எழுதும்பொழுது பெற்றோருக்குச் சீவிய உருத்து வைத்து உறுதி முடிப்பது நம்மவர் வழக்கம். அவ்வுறுதி கூரையைக் காக்கும். கூரைக்குக் கீழே கிடப்பவரைக் காக்காது.)

'பெற்றோரைப் பேணுவது எமது பண்பாடு. அதற்கு அரசாங்கத்தின் காப்புறுதி எதற்கு?' என்று கேட்போர் உளர். அப்பண்பாட்டின் பாரத்தைச் சுமப்பவர் மேடையில் நின்று பேசுபவரல்லர்; அவர் வீட்டுப் பெண்கள் என்பதை மட்டும் நினைவூட்டி மேலே செல்கின்றோம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்நாட்டில் எண்மரில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். அவ்விகிதம் அதன் பின்னரும் ஏறியே வந்துள்ளது. ஏழு பிள்ளைகள் பங்கிட்டுச் சுமந்ததை இனி ஒருவரோ இருவரோ சுமக்க வேண்டும்.

பிற நாடுகள் இதை எவ்வாறு கையாண்டன? ஜேர்மனி 1995 ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கிற்று. முதலாளிமாருக்கு ஏற்பட்ட செலவை ஈடுசெய்வதற்காக, சக்சனி மாநிலம் ஒழிந்த ஏனைய இடங்களில், ஒரு சமயத் திருநாள் விடுமுறையையே நீக்கினார்கள்! அங்கே வீட்டில் வைத்துப் பேணுவோர் சேவைக்குப் பதிலாகப் பணமாகவும் பெறலாம். பேணும் உறவினருக்காக ஓய்வூதியப் பங்கையும் பராமரிப்பு நிதி செலுத்துகின்றது. யப்பான் 2000 ஏப்ரிலில் தொடங்கிய திட்டமோ பணங் கொடுக்க மறுத்தது, சேவை மட்டுமே. பணங் கொடுத்தால் மருமகளை மேலும் வீட்டோடு கட்டிவிடும் என்று அங்குள்ள பெண்கள் இயக்கத்தினர் வாதாடினர். செலவிற் பாதி வரிப்பணம். மறுபாதி 40 வயதுக்கு மேற்பட்டோர் செலுத்தும் தவணைப்பணம். நடத்துவோர் நகர, கிராம சபையினர். மூன்றாண்டுக்கு ஒரு முறை கணக்கைத் திருத்துகின்றனர்.

ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் வேறு விதமானது. 2010 ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டத்தில் அவர்கள் இத்தகைய திட்டமொன்றை விரும்பியவர் சேரலாம் என்ற முறையில் எழுதினர். விரும்பிச் சேர்பவர் யார்? விரைவிற் பராமரிப்பு வேண்டி வரும் என்று அறிந்தவரே. ஆரோக்கியமானவர் விலகி நிற்பர், தவணைப்பணம் ஏறும், ஏறவே இன்னும் பலர் விலகுவர். ஒரு சதமேனும் வழங்காமல் 2011 இல் அத்திட்டத்தைக் கைவிட்டு, 2013 இல் சட்டத்திலிருந்தே நீக்கினார்கள். எனவே கட்டாயமில்லாத பராமரிப்புக் காப்புறுதி நிலைக்காது என்பது நமது துணிபு. 'நான் ஏன் கமக்காரனுக்காகக் கட்ட வேண்டும்?' என்று கேட்கும் உத்தியோகத்தருக்கு நமது விடை இதுவே: தாமும் பத்தாண்டு பாயிற் கிடக்கமாட்டோம் என்று எழுதித் தரக்கூடியவர் எவருமில்லை, பத்தாண்டுப் பராமரிப்பைத் தாங்கும் சம்பளமும் அவர்களுட் பலருக்கு இல்லை.

ஜேர்மனியின் ஏற்பாடு நோய்க் காப்புறுதி நிதிகளின் மேற் கட்டப்பட்டது. நமக்கு அந்த அடித்தளம் இல்லை. நமது வைத்தியசாலைகள் வரிப்பணத்தில் நடப்பவை. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதி சம்பளம் பெறுவோரைப் பிடிக்கும். வடமராட்சி வெங்காயத் தோட்டக்காரரையும் வாகரை மீனவரையும் பிடிக்காது. அவர்களுட் கமக்காரருக்கென 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தினால் ஓய்வூதியத் திட்டம் வந்தது. நம்பிக் கட்டினார்கள். 2012 ஆம் ஆண்டளவில் நிதி வற்றிக் கொடுப்பனவு நின்றது. 2014 இலேதான் மீண்டும் தொடங்கிற்று. இடையில் இறந்துபோன முதியவருக்கு யார் பதில் சொல்வது? வந்த தவணைப்பணத்துக்கும் வாக்களித்த ஓய்வூதியத்துக்கும் பொருத்தமில்லை என்பது எண் தெரிந்தவர்க்கு முன்னரே புலப்பட்டிருக்க வேண்டும். ஆனால் காலந்தோறும் கணக்குப் பார்த்துப் பாராளுமன்றத்தில் வைக்கும் ஒழுங்கு உரியபடி நடந்திருந்தால், பெட்டி வெறுமையான பின்னரா நாடு விழித்திருக்கும்?

சேமலாப நிதியின் கதையும் ஆறுதல் தருவதன்று. 2022 செப்டெம்பரிற் கொழும்பின் விலைவாசி ஓராண்டுள் ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்தது. சேமித்த ரூபாயின் பெறுமதி கண்முன்னே கரைந்தது. 2023 இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்த அரசாங்கம், குறைந்த வட்டி முறிகளை ஏற்றுக்கொள் அல்லது 30 வீத வரி செலுத்து என்று அந்நிதிக்குக் கூறிற்று. தொழிலாளியின் சேமிப்பைத் திறைசேரியின் கைப்பெட்டியாக எண்ணும் பழக்கம் நீங்காத வரை, பெருநிதியொன்றைச் சேர்த்து வைக்கும் திட்டம் ஆபத்தானது. அந்தந்த ஆண்டு வருவதை அந்தந்த ஆண்டே சேவைக்குச் செலவிட்டு, ஓராண்டுக்குப் போதிய இருப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் முறையே நமக்கு உகந்தது. பாதியை வரிப்பணத்திலிருந்து கொடுக்கும் கடமை வரவு செலவுத் திட்டக் கருணையாகவன்றி, நீதிமன்றத்திற் கேட்டுப் பெறக்கூடிய உரிமையாகச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். கமக்காரரின் பங்கு மாதந்தோறுமன்றி அறுவடையின் பின் அறவிடப்பட வேண்டும். வெள்ளமோ வரட்சியோ விளைவை அழித்த போகத்துக்குத் தவணை தள்ளப்படவும் வேண்டும்.

யப்பானின் ஒரு விதியை நாம் முற்றாக மறுக்கின்றோம். அங்கே 65 வயதை எட்டாதவர் முதுமையோடு தொடர்புள்ள குறித்த சில நோய்களால் வீழ்ந்தாலன்றிப் பராமரிப்புப் பெற இயலாது. 40 வயதை எட்டாதவருக்கு அதுவுமில்லை. ஜேர்மனி வயதைப் பார்ப்பதில்லை, இயலாமையையே பார்க்கின்றது. வன்னியில் எறிகணையால் முதுகுத்தண்டு முறிந்து இளவயதிலேயே படுக்கையில் வீழ்ந்தவர்கள் நம்மிடையே உளர். அவர்களைப் பேணிய தாய்மார் இப்பொழுது முதுமையை எட்டிவிட்டனர். வயதெல்லை வைத்த சட்டம் அத்தாயைச் சேர்த்துக்கொண்டு மகனை வெளியே நிறுத்தும்.

நடத்துவது யார் என்பதும் சிறு விடயமன்று. இயலாதவர்க்கு உதவுதல் 13 ஆவது திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய பொருள். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடைபெறவில்லை என்பதைக் காட்டி இதனையுங் கொழும்பின் திணைக்களமொன்றின் கையிற் கொடுத்துவிட நாம் உடன்படோம். ஒருவர் எவ்வளவு இயலாதவர் என்று மதிப்பிட வீட்டுக்கு வரும் உத்தியோகத்தர் அவருடைய மொழியிற் பேசுபவராயிருத்தல் வேண்டும். மறுக்கப்பட்டால் மேன்முறையீடும் தமிழில், அந்த மாவட்டத்திலேயே கேட்கப்படல் வேண்டும். பேச்சிழந்து கிடக்கும் மூதாட்டியின் நிலையை மொழிபெயர்ப்பாளர் வைத்தா அறிவது?

கடன் தீர்க்கும் காலத்தில் இதற்குப் பணமெங்கே என்பது நியாயமான கேள்வி. அனைத்தையும் ஒருநாளிற் கேட்கவில்லை. முதலில் முற்றாகப் படுக்கையிற் கிடப்போர் மட்டும். அவர்களுக்குக் கிராமத்திலேயே பயிற்றப்பட்ட துணையாளர் ஒருவர் நாளில் ஓரிரு மணி நேரம் வரட்டும். துணையாளர் எட்டாத இடத்தில், பேணும் உறவினருக்குப் பணம் கொடுக்கப்படட்டும். அதற்கும் எத்தனை பேர் என்ற தொகை வேண்டும். அத்தொகையை எடுக்கப் புதிய சட்டம் தேவையில்லை. ஒவ்வொரு பிரதேச செயலாளரும் தமது கிராம அலுவலர் பிரிவுகளிற் பாயிற் கிடப்போரையும், அவரைப் பேணுவோர் தம் தொழிலை விட்டவரா என்பதையும் வீடு வீடாகக் கேட்டு எழுதலாம். நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி, மூன்று மொழிகளிலும் வெளியிடச் செய்ய வேண்டும்.